வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகலாமா? இது அழைப்புதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பொருநைக்கரை:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாக வாசியுங்கள்.

எனக்கு 27 வயது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. சம்பளம் நேரத்துக்கு வருகிறது, வேலையில் வெறுப்பும் இல்லை. காலேஜ் படிக்கும்போது ஒரு வாலிபர் முகாமில், வாழ்நாள் முழுவதையும் ஆண்டவருக்குக் கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார்கள். எழுந்து நின்றேன். கூட நின்ற பலர் இப்போது நல்ல வேலையில், நல்ல விசுவாசிகளாக இருக்கிறார்கள். எனக்கு மட்டும் அந்த எண்ணம் போகவே மாட்டேன் என்கிறது. சம்பளம் ஏறும்போதெல்லாம் இன்னும் அதிகமாக உறுத்துகிறது.

வீட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை. தங்கைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வீட்டுக்கடன் என் பேரில் ஓடுகிறது. அப்பாவிடம் பேச்சை எடுத்தபோது, "ஆண்டவர் உன்னைக் கூப்பிட்டார், சரி. எங்களை உன் கையில ஒப்படைச்சது யாரு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

"ஜெபம் பண்ணுங்க தம்பி" என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். பண்ணிக்கொண்டும் இருக்கிறேன். அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்? இந்த வழியில் போனவர்கள், போக நினைத்துப் போகாதவர்கள், யாராக இருந்தாலும் மனதில் உள்ளதைச் சொல்லுங்கள்.

சேகரத்துப் பெரியவர்:

தம்பி, நான் பல வருஷம் சேகரக் கமிட்டியில், அதாவது ஒரு குருவானவரின் கீழ் உள்ள சபைகளை நடத்தும் குழுவில், இருந்தவன். குருத்துவப் படிப்புக்குப் போகிற பிள்ளைகள் முதலில் எங்களிடம்தான் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருவார்கள். அவர்களிடம் கேட்டதையே உன்னிடமும் கேட்கிறேன். இப்போது சபையில் என்ன செய்கிறாய்? ஞாயிறு பள்ளி எடுக்கிறாயா? கோயம்புத்தூரில் எந்தச் சபைக்குப் போகிறாய், அங்கே உன் பெயர் யாருக்காவது தெரியுமா? ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஒருவரைப் போய்ப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு வந்திருக்கிறாயா?

அப்போஸ்தலர் 13ஐ எடுத்துப் பார். பவுலும் பர்னபாவும் தாங்களாக மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பவில்லை. அந்தியோகியா சபை உபவாசித்து ஜெபித்தபோது ஆவியானவர் அந்தச் சபையோடு பேசினார், சபை அவர்கள்மேல் கைகளை வைத்து அனுப்பியது. அதற்கு முன்னால் ஒரு வருஷம் முழுவதும் இரண்டு பேரும் அதே சபையில் உட்கார்ந்து போதித்திருக்கிறார்கள் (11:26). அந்த ஒரு வருஷத்தை யாரும் பிரசங்கம் பண்ணுவதில்லை!

உன்னை நன்றாகத் தெரிந்த நாலு பேரிடம் போய், எனக்கு இப்படித் தோன்றுகிறது, உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேள். "நாங்களே உன்கிட்ட சொல்லணும்னு இருந்தோம்" என்று ஒருவராவது சொன்னால் அது பெரிய விஷயம். எல்லாருமே ஆச்சரியப்பட்டால் கொஞ்சம் நிதானி.

ராஜ்மகால் பணித்தளம்:

நானும் ஒரு முகாமில் எழுந்து நின்றவன்தான் தம்பி. அப்புறம் ஜார்க்கண்டில் ராஜ்மகால் மலைப்பகுதியில் மிஷனெரியாகப் பல வருஷம் இருந்தேன். சாகிப்கஞ்ச், பாகூர் மாவட்டங்களில் மலைமேல் சின்னச் சின்னக் கிராமங்கள். மால்தோ பேசும் பஹாரியா பழங்குடி மக்கள். மால்தோவும் நம் திராவிடக் குடும்பத்து மொழிதான், ஆனால் காதில் விழும்போது ஒன்றும் புரியாது.

முகாமில் நிற்கும்போது மனதில் ஒரு படம் ஓடும். கையில் வேதாகமம், சுற்றிலும் ஜனங்கள், நாம் பேசுகிறோம், அவர்கள் கேட்கிறார்கள். அங்கே போனால் முதலில் வாயே திறக்க முடியாது. காலையில் ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பர்பட்டி உரிப்பார். காராமணி மாதிரி ஒரு பயறு அது, சோளத்தோடு சேர்த்து அவர்கள் மலைச்சரிவில் போடுவார்கள். நான் நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரலை நீட்டுவேன். அவர் சொல்லச் சொல்லத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு திருப்பிச் சொல்வேன். பாட்டி சிரித்துவிட்டு மறுபடி சொல்வார். பிள்ளைகள் கூடி நின்று என் உச்சரிப்பைத் திருத்துவார்கள். என் ஊழியம் நெடுநாள் அவ்வளவுதான், பர்பட்டி உரிக்க உதவிக்கொண்டே பேச்சுப் படிப்பது.

அப்புறம் காய்ச்சல். மலேரியாவும், மணல் ஈ கடித்து வரும் காலா அசார் காய்ச்சலும் அப்போது அந்தப் பகுதியில் சாதாரணம். காய்ச்சல் முற்றியவரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஜீப் வரும் பாதைவரை இறங்க வேண்டும். இறக்கத்தில் முன்னால் பிடிப்பவனுக்குத்தான் பாரம் எல்லாம். வெளியூர்க்காரன் என்பதால் என்னைப் பின்னால் பிடிக்கச் சொல்வார்கள். ஒரு நாள் யாரும் கேட்காமலே முன்னால் பிடிக்க இடம் விட்டார்கள். ஊரில் என் குருவானவர் தலையில் கைவைத்து ஜெபித்த நாளுக்குச் சமமாக அந்த நாளை நினைக்கிறேன்.

ஊருக்கு லீவில் வந்தால் மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லச் சொல்வார்கள். எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு வருஷக்கணக்கில் பதில் இல்லாமல் இருப்பதைத் தாங்க முடியுமா என்று உன்னையே கேட்டுப் பார். தாங்க முடியும் என்றால் வா.

எழுந்து நிற்பது ஒரு நிமிஷ வேலை. அதன்பிறகு வரும் சாதாரணச் செவ்வாய்க்கிழமைகளில்தான் அர்ப்பணிப்பு இருக்கிறது.

ஐயரம்மா:

பணித்தளத்து அண்ணன் சொன்னதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. நான் ஒரு சேகர குருவானவரின் மனைவி. எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்பார்கள். தம்பி, நீ இன்னும் கல்யாணம் ஆகாதவன் என்று நினைத்து எழுதுகிறேன்.

மிஷனெரி வில்லியம் கேரியை எல்லாருக்கும் தெரியும். 1793ல் வங்காளத்துக்கு வந்தார், சீராம்பூரில் வேதாகமத்தை எத்தனையோ மொழிகளில் கொண்டுவந்தார். அவர் மனைவி டாரதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அந்த அம்மாவுக்கு இங்கிலாந்தை விட்டு வரவே மனமில்லை. முதலில் மாட்டேன் என்றே சொன்னார், கடைசி நேரத்தில்தான் சம்மதிக்க வைத்தார்கள். வந்த மறு வருஷமே பீட்டர் என்ற மகனைக் காய்ச்சலில் பறிகொடுத்தார்கள். அதன்பின் அவருக்கு மனநிலை பாதித்தது, 1807ல் இறக்கும்வரை சரியாகவில்லை. ஒரு அறையில் கணவர் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க, பக்கத்து அறையில் மனைவி அந்த நிலையில். கேரியின் உழைப்பால் எத்தனை ஜனங்கள் வேதத்தைச் சொந்த மொழியில் வாசித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் டாரதிக்காக எனக்கு மனசு வலிக்கிறது. அவரைக் கூப்பிட்டது ஆண்டவரா, கணவரா?

நான் வந்தது தெரிந்தேதான். பெண் பார்க்க வந்த அன்றே இவர், "சம்பளம் கொஞ்சம், மாற்றல் அடிக்கடி, வீட்டுக் கதவு எப்பவும் திறந்திருக்கும்" என்று சொல்லிவிட்டார். எனக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்தே அந்த ஆசை இருந்தது, அதனால் சம்மதித்தேன். இன்றைக்கும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாராவது வந்து "ஐயரம்மா, அப்பா மூச்சு விடத் திணறுறாங்க, ஐயரைக் கூப்பிடுங்க" என்றால் இவருக்கு முன்னால் நான் எழுந்து அங்கியைத் தேடுவேன். சந்தோஷமாகத்தான் செய்கிறேன். பிள்ளைகள்தான் பாவம். சேகரம் மாறும்போதெல்லாம் புதுப் பள்ளிக்கூடம், புதுச் சிநேகிதர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை அல்லவா?

வருகிறவளிடம் எல்லாவற்றையும் முதலிலேயே சொல். அழைப்பு அவளுக்கும் இருக்கட்டும்.

கூடாரத்தொழில்:

நான் கொஞ்சம் மாற்றிப் பேசப்போகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தம்பியின் கேள்வியிலேயே எனக்கு ஒரு வருத்தம். "வாழ்க்கை முழுவதையும் ஆண்டவருக்குக் கொடுப்பது" என்றாலே "வேலையை விடுவது" என்று நம் சபைகளில் ஆக்கிவைத்திருக்கிறோம். அப்படியானால் ராஜினாமா கடிதம் கொடுக்காத நாங்கள் எல்லாம் ஆண்டவருக்கு அரை மனதோடு இருக்கிறோமா?

ரோமர் 12:1ல் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கச் சொன்னது ரோமாபுரியில் இருந்த எல்லா விசுவாசிகளுக்கும்தான். அவர்களில் அடிமைகள் இருந்தார்கள், வியாபாரிகள் இருந்தார்கள். லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்த மனிதன் சுகமானபின் இயேசுவோடு வருகிறேன் என்று கெஞ்சினான். அவர் கூட்டிப் போகவில்லை, வீட்டுக்குப் போய் உன் ஜனங்களிடம் சொல் என்றார் (மாற்கு 5). பின்னால் வருகிறேன் என்று கேட்டவனை ஆண்டவரே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்!

நம் மண்ணிலேயே தேவசகாயம் பிள்ளை இருக்கிறார். நட்டாலத்தில் 1712ல் பிறந்தவர், மார்த்தாண்டவர்மா காலத்தில் திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர், கல்யாணமானவர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் மூலமாக ஆண்டவரை அறிந்து 1745ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். குருப்பட்டமும் இல்லை, துறவும் இல்லை. அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டே தாழ்த்தப்பட்டவர்களோடு சரிசமமாகப் பழகினார். கைது செய்து, எருமையில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அடித்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். நான் சிஎஸ்ஐக்காரன், ஆனாலும் கோட்டாறு சவேரியார் கோயிலில் அவர் கல்லறைக்கு முன்னால் போய் நின்றிருக்கிறேன். முழு மனதோடு கொடுப்பது என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர்தான்.

என் ஆய்வகத்துக்கு வரும் குழந்தைகளுக்கு ஊசி குத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் ஒரு வரி ஜெபிக்கிறேன். ரிப்போர்ட்டைச் சரியாகக் கொடுக்கிறேன். லஞ்சம் வாங்குவதில்லை. இதையும் ஊழியம் என்றுதான் நம்புகிறேன். பொருநைக்கரைத் தம்பி, பம்பு சோதிக்கும் மேஜையில் உட்கார்ந்து ஆண்டவருக்கு முழுசாக இருக்க முடியாது என்று உனக்கு யார் சொன்னது?

டோனாவூர்ப் பக்கத்துக்காரி:

கூடாரத்தொழில் அண்ணா, நீங்கள் சொன்ன ஒவ்வொரு வரிக்கும் ஆமென். ஆனால் இந்த வாதத்தை நான் நிறையப் பேர் வாயில் வேறு விதமாகக் கேட்டிருக்கிறேன். "எல்லா வேலையும் ஊழியம்தான்" என்று சொல்லிவிட்டு, எந்த வேலையிலும் ஊழியம் செய்யாமல் இருக்கிறவர்கள் உண்டு. நீங்கள் அப்படி இல்லை. ஆனால் எல்லாரும் வீட்டிலேயே இருந்துவிட்டால் சில காரியங்கள் நடக்கவே நடக்காது.

ஐடா ஸ்கடரைப் பாருங்கள். ராணிப்பேட்டையில் 1870ல் பிறந்த மிஷனெரி வீட்டுப் பிள்ளை. மிஷனெரி வாழ்க்கையே வேண்டாம் என்று அமெரிக்காவில் இருந்தவர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது ஒரே ராத்திரியில் மூன்று பேர், பிராமணர் ஒருவர், முஸ்லிம் ஒருவர், இன்னொரு இந்து ஒருவர், மனைவிக்குப் பிரசவத்தில் கஷ்டம், வாருங்கள் என்று வந்து நின்றார்கள். தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர் என்று ஐடா சொன்னார். ஆண் டாக்டரை உள்ளே விட மாட்டோம் என்று மூவரும் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். ஐடா திரும்பிப் போய்ப் படித்து, 1899ல் டாக்டர் பட்டம் வாங்கி, 1900ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1918ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி அங்கிருந்து வளர்ந்ததுதான். அவர் அமெரிக்காவில் ஒரு நல்ல விசுவாசியாக, நல்ல குடும்பத் தலைவியாக இருந்திருந்தால் அதுவும் ஆண்டவருக்குப் பிரியம்தான். ஆனால் வேலூர் இருந்திருக்காது.

வெள்ளைக்காரர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா 1902ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையில் மிஷனெரிகளை அனுப்புவதைப் பார்த்தார். நம்மால் ஏன் முடியாது என்று திரும்பி வந்து, 1903ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்க முன்நின்றார். அடுத்தவர்களை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவும் இல்லை. ஒய்எம்சிஏ என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் மதிப்பான பொறுப்பை விட்டு 1909ல் நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல்லுக்குத் தாமே போனார். தெலுங்கு கற்றுக்கொண்டு, மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சுற்றினார். 1912ல் அங்கேயே பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய பிஷப். எங்கள் வீட்டில் இன்றும் சமைக்கும் முன்னால் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுவைத்து மிஷனெரிப் பணிக்குக் கொடுக்கிறோம். பானையில் அரிசி போட எல்லாராலும் முடியும். ஆனால் யாராவது போக வேண்டும் அல்லவா அண்ணா?

கூடாரத்தொழில்:

போக வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை சிஸ்டர். போகிறவனை ஒரு படி மேலேயும் இருக்கிறவனை ஒரு படி கீழேயும் வைக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் நீங்கள் சொன்ன ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஐடா அம்மா பார்த்தது ஒரு தேவையை. மேடை அழைப்புக்குக் கை தூக்கியதால் வந்தது அல்ல அது. தம்பியிடம் நான் கேட்க விரும்புவது இதுதான். நீ எதை விட்டுப் போக நினைக்கிறாய் என்று எழுதினாய். எதை நோக்கிப் போகிறாய்? எந்த ஜனம், எந்த வேலை?

டோனாவூர்ப் பக்கத்துக்காரி:

அருமையான கேள்வி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்து ஏமி கார்மைக்கேல் அம்மா 1895ல் இந்தியாவுக்கு வந்தவர், 1951ல் இறக்கும்வரை ஒரு தடவைகூட சொந்த நாட்டுக்குப் போகவில்லை. கோயில்களுக்கு விடப்படவிருந்த பிள்ளைகளையும் கைவிடப்பட்ட பிள்ளைகளையும் எடுத்து வளர்த்தார். 1931ல் கீழே விழுந்து அடிபட்டபின் கடைசி இருபது வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே, படுக்கையில். ஓடியாடிப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! அந்த நிலையிலும் எழுதினார், பிள்ளைகளை அறைக்கு வரவழைத்துப் பேசினார். நாம் திட்டம் போட்ட ஊழியம் ஒருநாள் கையை விட்டுப் போகும். அப்போதும் அவருக்கே சொந்தம் என்று இருப்பதும் இதில் சேர்த்திதான்.

இறையழைத்தல்:

கத்தோலிக்கத் துறவற சபை ஒன்றில் அருட்சகோதரியாக இருக்கிறேன். எங்கள் முறை உங்களுக்குப் புதிதாக இருக்கலாம், ஆனால் தம்பியின் கேள்விக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

எங்களிடம் யாரும் ஒரே நாளில் வாழ்நாளைக் கொடுத்துவிட முடியாது, திருச்சபை விடாது. முதலில் சும்மா வந்து தங்கிப் பார்க்கச் சொல்வார்கள். அப்புறம் பயிற்சி. அப்புறம் நவசந்நியாசம் என்ற புகுமுகத் துறவறக் காலம், திருச்சபைச் சட்டப்படி குறைந்தது 12 மாதம். அதன் முடிவில் முதல் வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்குறுதி, கொடுத்தாலும் அது தற்காலிகமானதுதான். குறைந்தது மூன்று வருஷம் அந்த நிலையில் இருந்த பிறகுதான் நித்திய வார்த்தைப்பாடு. நடுவில் எந்தக் கட்டத்திலும், "இது என் வழி இல்லை" என்று சொல்லிப் போகலாம். என்னோடு சேர்ந்தவர்களில் போனவர்களும் உண்டு, இன்றும் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்களைப் பார்க்க வருகிறார்கள். ஆண்டவர் யாரையும் அவசரப்படுத்துவதில்லை என்பதை இத்தனை வருஷத்தில் பார்த்துவிட்டேன்.

ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளில் எது கஷ்டம் என்று இளம் பெண்கள் கேட்பார்கள். கற்பு என்று நான் சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். எனக்குக் கீழ்ப்படிதல்தான். ஒரு விடுதியில் பிள்ளைகள் ஒட்டிக்கொண்ட நேரத்தில் பணிமாற்றக் கடிதம் வரும். இரண்டு பெட்டிதான் சாமான். வண்டி ஏறும்போது வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக நின்று அழும். திரும்பிப் பார்க்காமல் ஏறிவிட வேண்டும் என்று நினைப்பேன், பார்த்துவிடுவேன்.

உங்கள் சபைகளிலும் இப்படிப் படிப்படியான ஒரு வழி இருந்தால் நல்லது. இல்லை என்றால் தம்பி நீயே உண்டாக்கிக்கொள்.

அன்னாளின் மகன்:

இந்த இழையில் ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. நான் பிறப்பதற்கு முன்பே அம்மா என்னை ஊழியத்துக்கு நேர்ந்துகொண்டார். நம் பக்கத்தில் இது நிறைய வீடுகளில் உண்டு. பேரே சாமுவேல் என்று வைத்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க் வாங்கினாலும், கெட்ட மார்க் வாங்கினாலும், "இவன் ஆண்டவருக்குன்னு விட்ட பிள்ளை" என்பார்கள். வேறு எதையாவது ஆசைப்பட்டாலே பாவம் செய்கிற மாதிரி பயம் வரும்.

என்னை விடுவித்தது 1 சாமுவேல் 3ம் அதிகாரம்தான். சாமுவேலின் தாய் அன்னாள் பொருத்தனை பண்ணினாள், பிள்ளையைக் கொண்டுபோய் விட்டாள், எல்லாம் உண்மை. ஆனாலும் கர்த்தர் பிறகு அந்தப் பிள்ளையைப் பேர் சொல்லித் தாமே கூப்பிட்டார். அவனும் தானே பதில் சொன்னான். அம்மா கொடுத்தது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. இதை அம்மாவிடம் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். நிறைய அழுதார். அதன்பிறகு என்னை வற்புறுத்தவில்லை. கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், ஞாயிறுகளில் இரண்டு கிராமச் சபைகளில் பிரசங்கம். அழைப்பு வந்தால் போவேன். பயத்தில் போக மாட்டேன்.

தம்பி, உனக்குள் இருப்பது விருப்பமா, அன்று எழுந்து நின்றுவிட்டோமே என்ற பயமா? இதை மட்டும் பிரித்துப் பார்த்துவிடு.

பொருநைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி முழுவதும் இதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் ஐயா, கோயம்புத்தூர் சபையில் நான் பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுகிறவன்தான். ஊர்ச் சபையில் காலேஜ் முடியும்வரை ஞாயிறு பள்ளி எடுத்தேன். அன்னாளின் மகன் அண்ணா, பயமும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் பயம் மட்டும் என்றால் சம்பளம் ஏறும்போது ஏன் வலிக்க வேண்டும்? கூடாரத்தொழில் அண்ணா, எதை நோக்கி என்று கேட்டீர்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அது தெளிவாக இல்லை. எங்கள் கம்பெனியில் ஜார்க்கண்ட், பீகார்ப் பையன்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். தொழிற்கூடத்துப் பின்னால் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்குக் கை நசுங்கியபோது இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். அப்போதிலிருந்து சாயங்காலம் அங்கே போய் உட்காருகிறேன், அரைகுறை இந்தியில் பேசுகிறேன். அதை நான் ஊழியம் என்று இதுவரை நினைக்கவில்லை.

அப்பா கேட்ட கேள்விதான் இன்னும் அப்படியே நிற்கிறது.

சேகரத்துப் பெரியவர்:

அந்தத் தகரக் கொட்டகையைப் பற்றி முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாமே தம்பி! அந்தியோகியாவில் ஒரு வருஷம் என்று நான் சொன்னேனே, உனக்கு அது அங்கேதான் நடந்துகொண்டிருக்கிறது.

அப்பா கேட்டது நியாயமான கேள்வி, அவரை எதிரியாகப் பார்க்காதே. தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை நிறுத்தினவர்களை இயேசு மாற்கு 7ல் கடிந்துகொண்டார். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். அதே இயேசு, கலப்பையில் கைவைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவன் தகுதியுள்ளவன் அல்ல என்றும் சொன்னார். இரண்டும் வேதத்தில் இருக்கிறது, ஒன்றை வைத்து மற்றதை அழிக்க முடியாது. எலிசா எலியாவின் பின்னால் போவதற்கு முன் ஏர்மாடுகளை அடித்து, ஏர்மரத்திலேயே சமைத்து, ஜனங்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் போனான். வீட்டாருக்குத் தெரியாமல் ஓடிப் போகவில்லை. உன் தங்கையின் கல்யாணமும் கடனும் முடியும்வரை பொறுத்திருப்பது பின்னிட்டுப் பார்ப்பது ஆகாது. ஆனால் அவற்றுக்கு ஒரு தேதி வை. தேதி வைக்காவிட்டால் அடுத்து கார் கடன் வரும்.

வங்கிக்காரர்:

பணக் கணக்கு மட்டும் நான் சொல்கிறேன், வேதம் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கடனை முடிக்காமல் வேலையை விடாதே. பிஎஃப் பணத்தை எடுத்துக் கடனில் போட்டுவிடலாம் என்று தோன்றும், அதையும் செய்யாதே, அப்பாவின் வைத்தியத்துக்குத் தேவைப்படும். பெற்றோருக்குத் தனியாக மருத்துவக் காப்பீடு இப்போதே எடு. சர்க்கரை இருப்பதை மறைக்காமல் எழுது, காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று கேட்டுக்கொள். நீ சேர நினைக்கும் அமைப்பு பதிவு செய்யப்பட்டதா, வருஷா வருஷம் தணிக்கை செய்த கணக்கை வெளியிடுகிறதா, பணியாளர்களுக்கு பிஎஃப், மருத்துவ உதவி தருகிறதா என்று எழுத்தில் கேள். கேட்டால் விசுவாசக் குறைச்சல் என்று சொல்கிற இடத்துக்குப் போகவே போகாதே. ஒரே ஒரு மனிதரின் பெயரில் எல்லாம் ஓடுகிற இடத்துக்கும் வேண்டாம்.

ஐயரம்மா:

வங்கிக்கார அண்ணன் சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் காட்டு தம்பி. நான் பார்த்தவரை தகப்பன்மார் ஆண்டவரை எதிர்த்துப் பேசுவதில்லை. பிள்ளை யோசிக்காமல் குதித்துவிடுவானோ என்றுதான் பயப்படுகிறார்கள்.

ராஜ்மகால் பணித்தளம்:

தம்பி, உன் கொட்டகையில் இருக்கிற ஜார்க்கண்ட்ப் பையன்கள் எந்த மாவட்டம் என்று கேட்டாயா? சந்தால் பழங்குடியா, பஹாரியாவா?

இன்னொன்று சொல்ல வேண்டும். நான் பணித்தளத்தை விட்டு வந்துவிட்டவன். மனைவிக்கு மலேரியா திரும்பத் திரும்ப வந்தது, இனி அங்கே இருந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னார். ஊருக்கு வந்தபோது, "ஏன் திரும்பிட்டீங்க?" என்று கேட்டவர்கள் நிறைய. கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற மிஷனெரி 1929ல் மலேரியா முற்றி இறந்தார், அவர் மனைவி ஈவ்லின் மறுபடி வந்து, மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் சொந்தமாக மலைகளில் சுற்றி 1974ல், 95 வயதில் இறந்தார். அந்த மாதிரி சாட்சிகளையே கேட்டுப் பழகினவர்களுக்கு என்னை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் இப்போது புதிதாகப் போகிறவர்களுக்கு மொழிப் பயிற்சி கொடுக்கிறேன். பவுலோடு ஊழியத்துக்குக் கிளம்பி, பெர்கே ஊரில் பாதி வழியில் திரும்பிப்போன மாற்குவைத்தான் பவுல் கடைசியில், ஊழியத்தில் பிரயோஜனமுள்ளவன், கூட்டிக்கொண்டு வா என்று எழுதினார். நீ போய்விட்டுத் திரும்ப வேண்டி வந்தாலும் ஆண்டவரை விட்டுத் திரும்பினதாக ஆகாது. அந்தப் பயத்தோடு போகாதே.

முடிவு எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை போய்ப் பார். பண்டிகை சமயத்தில் போனால் எல்லாம் அழகாக இருக்கும். மழை முடிகிற சமயம், காய்ச்சல் அதிகமாக இருக்கும்போது போ.

பொருநைக்கரை:

அண்ணா, கேட்டேன். மூன்று பேர் ஜார்க்கண்டின் கோடா மாவட்டம், ஒருவன் பாகூர். பாகூர்ப் பையன் பஹாரியாதான்! வீட்டில் மால்தோ பேசுவார்களாம். நீங்கள் அந்தப் பக்கம் இருந்ததைச் சொன்னதும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அக்டோபரில் ஊருக்குப் போகிறானாம், என்னையும் கூப்பிடுகிறான். லீவு கேட்டிருக்கிறேன்.

அப்பாவிடம் கணக்குத் தாளைக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். காப்பீட்டு வரியில் மட்டும் பென்சிலால் ஒரு திருத்தம் செய்து கொடுத்தார். கோயம்புத்தூர்ச் சபை குருவானவரையும் போய்ப் பார்த்தேன், கொட்டகைக்கு ஒரு ஞாயிறு அவரும் வருகிறேன் என்றார். வேலையை இப்போது விடவில்லை. கடனும் தங்கை கல்யாணமும் முடிய ஒரு தேதி குறித்து, அதை அப்பாவிடமும் பெரியவர் ஐயாவிடமும் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

பயணத்துக்கு என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும் அண்ணா?

ராஜ்மகால் பணித்தளம்:

ஹவுராவில் இறங்கி, சாகிப்கஞ்ச் வழியில் போகிற ரயிலில் ஏறினால் பர்ஹர்வா, பாகூர் எல்லாம் வரும். எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்று அந்தப் பையனுக்குத் தெரியும். கொசுவலை கட்டாயம், அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதே. மலேரியாவுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு, கிளம்புவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து எழுதி வாங்கிக்கொள். டார்ச், வழுக்காத செருப்பு, ஒரு போர்வை. அவன் வீட்டுக்கு வெறுங்கையோடு போகாதே, பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு வாங்கிப் போ. ஒரு தடிமனான நோட்டும் இரண்டு பேனாவும் வை. கிளம்புவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் எனக்குத் தனிச்செய்தி அனுப்பு, மால்தோவில் வணக்கம் சொல்வது, தண்ணீர் கேட்பது, சாப்பாடு நன்றாக இருக்கிறது என்பது, இந்த மூன்றையும் குரல்பதிவாக அனுப்புகிறேன். மற்றதை அங்கே இருக்கிற பாட்டிமார் பார்த்துக்கொள்வார்கள்.